பவுண் இறங்காது என்கிறார்கள்

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாக விழுந்துவிட்டால் போதும், கிளிநொச்சியில் வங்கிகளின் நகை அடகுப் பக்கம் கூட்டம் நிறைந்துவிடும். காலபோக விதைப்புக்குக் காசு வேண்டும். உழவுக்கு, விதைநெல்லுக்கு, பசளைக்கு, களைநாசினிக்கு என்று எல்லாச் செலவும் ஒரே மாதத்தில் வரும். போன முறை பெரியம்மாவுக்குத் துணையாக நானும் போனேன். கைலேஞ்சியில் முடிந்து, பொலித்தீன் பையில் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு காப்புகளை எடுத்து மேசையில் வைத்தார். அலுவலர் ஒன்றை உரைகல்லில் இழுத்தார். மஞ்சள் கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு, கோடு மங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு தராசில் வைத்தார். நாலு பவுணில் செய்த சோடி, கை உரசித் தேய்ந்து அதற்குச் சற்றுக் குறைவாகவே காட்டியது.

"தம்பி, போன வருசத்தை விடக் கூடத் தருவியளோ?"

"விலை கூடியிருக்கு அம்மா, கூடத் தரலாம். எடுக்கிற அளவுக்கு வட்டியும் வரும்."

பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, விதைப்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கனடாவில் இருக்கும் மகன் வீட்டு வேலைக்கென்று 15 இலட்சம் அனுப்பப் போகிறான். ஆனால் வேலை தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். "அதுமட்டும் பவுணா வாங்கி வைப்பமோ, பாங்கில போடுவமோ? எது உறுதி?"

பவுண் இறங்காது பெரியம்மா, பவுணாகவே வாங்குங்கோ என்று நான் சொன்னேன். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் பதில் அது. வீட்டுக்கு வந்து பழைய விலைகளையும் நாணய மாற்று வீதங்களையும் எடுத்துவைத்துக் கணக்குப் பார்த்தபோதுதான், எவ்வளவு பொறுப்பில்லாமல் அதைச் சொல்லிவிட்டேன் என்று விளங்கியது.

முதலில் அந்தச் சொல்லையே பார்க்க வேண்டும். நிலையான வைப்பில் ஒரு இலட்சம் போட்டால், வருட முடிவில் இத்தனை ரூபாய் தருவோம் என்று வங்கி எழுதித் தருகிறது. ரூபாயின் எண்ணிக்கைக்கு அது உறுதி. அந்த ரூபாய்க்கு அன்றைக்கு எத்தனை மூடை சீமெந்து வரும் என்பதற்கு வங்கி பொறுப்பில்லை. தங்கத்தில் அந்த எழுத்துக்கூட இல்லை. இன்று 8 கிராம் வாங்கினால் பத்து வருடம் கழித்தும் 8 கிராம் இருக்கும், அவ்வளவுதான். வட்டி போடாது, குட்டி போடாது. அதை வாங்க வருகிற அடுத்த ஆள் என்ன விலை தருகிறாரோ அதுதான் அதன் வருமானம். அந்த விலைக்கு உலகத்தில் யாரும் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்ததில்லை.

ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 35 டொலர் என்று அமெரிக்க அரசு நிர்ணயித்திருந்தது. வேறு நாட்டு அரசுகள் டொலரைக் கொடுத்து அந்த விலைக்குத் தங்கம் வாங்கலாம். 1971 ஓகஸ்ட் 15 அன்று ஜனாதிபதி நிக்சன் அந்த வழியை மூடினார். அன்றிலிருந்து தங்கத்தின் விலை சந்தையின் கையில் இருக்கிறது.

சந்தை என்ன செய்தது? 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டொலருக்கு ஏறியது. ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை, அமெரிக்காவில் கடும் பணவீக்கம் என்று எல்லாம் சேர்ந்த நேரம். அந்த உச்சத்தில் வாங்கியவருக்கு அதே 850ஐத் திரும்பக் காண 2008 ஜனவரி வரை, 28 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1999இல் விலை 252 டொலர் அளவுக்கு விழுந்தது. 2011 செப்டெம்பரில் 1,900 டொலரைத் தொட்டு, 2015 முடிவில் 1,050 அளவுக்கு இறங்கியது இன்னொரு சரிவு.

அப்படியென்றால் எங்கள் அம்மம்மாமார் ஏன் பவுண் இறங்காது என்றார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது ரூபாய் விலையை. 1980இல் ஒரு டொலர் ஏறத்தாழ 16 ரூபாய், 1999இல் ஏறத்தாழ 70 ரூபாய். 850ஐ 16ஆல் பெருக்கினால் 13,600. 252ஐ 70ஆல் பெருக்கினால் 17,640. உலகச் சந்தையில் பத்துக்கு ஏழு பங்கு விழுந்த பொருள், இலங்கை ரூபாயில் கொஞ்சம் ஏறியதாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் அதே 19 வருடத்தில் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் பல மடங்கு ஏறிவிட்டன. பவுணின் விலை இறங்கவில்லை, பவுணால் வாங்கக்கூடியது இறங்கியது. விலைப் பலகையைப் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் தலைமுறையின் நம்பிக்கையும் இங்கேதான் பிறந்தது. 2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபாயைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது. அப்போது டொலர் 203 ரூபாய் அளவில் இருந்தது. மே நடுப்பகுதியில் 360 ஆகிவிட்டது. அந்த மார்ச் தொடக்கத்தில், உக்ரேன் போரின் சூட்டில், தங்கம் அவுன்ஸ் 2,000 டொலருக்கு மேல் போனது. மே நடுப்பகுதியில் 1,830 அளவுக்கு இறங்கியது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2,000 தர 203 என்றால் 4 இலட்சத்துச் சொச்சம். 1,830 தர 360 என்றால் 6 இலட்சத்து 58 ஆயிரம். உலகத்தில் விலை குறைந்த பொருள் இங்கே இரண்டே மாதத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. நகைக்கடை வாசலில் அந்த விலையைப் பார்த்தவர்கள் பவுண் ஏறுகிறது என்றார்கள். உண்மையில் எங்கள் காசு கீழே போய்க்கொண்டிருந்தது.

வங்கியில் போட்டவருக்கு அந்த வருடம் என்ன நடந்தது? 2021 செப்டெம்பரில் ஒருவர் 5 இலட்சத்தை 6 வீத வட்டிக்குப் போட்டார் என்று வைப்போம். ஒரு வருடம் கழித்து 5,30,000 ரூபாய் ஒரு சதமும் குறையாமல் கைக்கு வந்தது. வங்கி சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த 5,30,000க்கு வாங்கக்கூடிய சாமானை ஒரு வருடத்துக்கு முன் 3,12,000க்கு வாங்கியிருக்கலாம். உத்தரவாதம் அப்படியே இருந்தது, சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. பென்சன் காசை வைப்பில் போட்டிருந்த ஆசிரியர்மார் அந்த வருடம் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஊதாரித்தனமாக ஒரு ரூபாய் செலவழித்தவர்கள் அல்லர் அவர்கள். அதை நினைக்க இப்போதும் மனம் ஆறுவதில்லை.

சரி, அப்படியானால் பவுண்தான் வென்றது என்று முடித்துவிடலாமா? அடுத்த வருடத்தையும் பார்ப்போம். 2022 செப்டெம்பர் முடிவில் அவுன்ஸ் 1,660 டொலர் அளவு, டொலர் 363 ரூபாய் அளவு. பெருக்கினால் 6 இலட்சத்துச் சொச்சம். 2023 செப்டெம்பர் முடிவில் அவுன்ஸ் 1,850, டொலர் 324. பெருக்கினால் மறுபடியும் 6 இலட்சம் அளவுதான். தங்கம் உலகத்தில் ஏறியும், ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்ததால் இங்கே ஒரு வருடத்தில் ஒன்றும் கூடவில்லை. அதே நேரத்தில் வங்கிகள் வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தன. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு வந்துவிட்டது. முதல் வருடம் அடிவாங்கிப் பயந்து, வைப்பை முறித்துப் பவுண் வாங்கிய பலர் இந்த இரண்டாவது வருடத்தைத் தவறவிட்டார்கள். அப்புறம் 2025 வந்தது. மார்ச்சில் 3,000 டொலர், ஒக்டோபரில் 4,000 டொலர் என்று தங்கம் தாண்டிப் போனது. அந்த ஒக்டோபரிலேயே ஒரே நாளில் 5 வீதத்துக்கு மேல் சரிந்தும் காட்டியது. எந்த வருடம் எது வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியவில்லை. உலகின் மத்திய வங்கிகள் 2022 தொடக்கம் 2024 வரை வருடத்துக்கு 1,000 தொன்னுக்கு மேல் வாங்கிக் குவித்ததால் விலை ஏறியது என்று இப்போது விளக்கம் சொல்லலாம். அவர்கள் வாங்குவதை எப்போது குறைப்பார்கள் என்று எங்களிடம் கேட்டுவிட்டா குறைப்பார்கள்?

உலக விலை வன்னியின் வாசலுக்கு நேரே வந்த ஒரு சம்பவமும் உண்டு. போர் முடிந்து 2010, 2011 காலத்தில் வங்கிகள் வடக்கில் வரிசையாகக் கிளை திறந்தன. தங்கம் ஏறிக்கொண்டே போனதால் நகைக்கு நிறையக் கடன் கிடைத்தது. 2013 ஏப்ரலில் இரண்டு வணிக நாட்களுக்குள் அவுன்ஸ் விலை 200 டொலர் அளவு விழுந்தது. பலருடைய கடனும் வட்டியும் நகையின் விலையைத் தாண்டிவிட்டன. மீட்பதில் பயனில்லை என்று நாடு முழுக்கப் பலர் நகையை விட்டுவிட்டார்கள், ஏல அறிவித்தல்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வந்தன, வங்கிகளும் நட்டப்பட்டன. அடகுக் கடன் குறைந்துபோகாமல் இருக்க 2014இல் மத்திய வங்கி கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டி வந்தது. உத்தரவாதம் வங்கிகளுக்கு. தாலிக்கொடியை ஏலத்தில் விட்ட பெண்ணுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி நகைக் கணக்கு. நாங்கள் தங்கம் வாங்குவதில்லை, நகை வாங்குகிறோம். ஒரு பவுண் 3 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் ஒரு சங்கிலி எடுத்தால் செய்கூலி, சேதாரம் என்று இன்னும் 30,000 சேரும். அடுத்த நாளே விற்கப் போனால் அந்த 30,000 போய்விடும், பழைய நகைக்கு இன்னும் 10,000 கழிப்பார்கள். ஆக, போட்ட காசு கைக்கு வரவே விலை 13 வீதம் ஏற வேண்டும். கல் வைத்ததென்றால் கல்லுக்குக் கொடுத்த காசும் திரும்பாது. மகளுக்குப் போட்டு அழகு பார்க்க வாங்குவதென்றால் இதில் எந்தத் தவறும் இல்லை, சந்தோசத்துக்கும் விலை உண்டு. சேமிப்பு என்று நினைத்து வாங்குவதென்றால் நாணயமாகவோ கட்டியாகவோ வாங்குவதுதான் முறை. மாதாமாதம் கடையில் காசு கட்டி வருட முடிவில் நகை எடுக்கும் திட்டங்களையும் பலர் சேமிப்பு என்றே நினைக்கிறார்கள். கடை மூடினால் அந்தக் காசுக்கு வைப்புக் காப்புறுதி கிடையாது.

வைப்புக் காப்புறுதி என்று ஒன்று இருப்பதே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டம் கொடுக்கும். 2021 ஏப்ரலில் இருந்து இந்த உச்சம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மேல் போட்ட காசு, நிறுவனத்தின் சொத்துகளை விற்று ஏதும் மிஞ்சினால்தான். விழவே விழாது என்று நினைத்த இடங்கள் விழுந்திருக்கின்றன. 2008 டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது அதிக வட்டிக்காகப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். பல பத்தாண்டுகள் இயங்கிய த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை 2020 மேயில் மத்திய வங்கி இரத்துச் செய்தது. பக்கத்துக் கிளையை விட நாலு வீதம் கூட வட்டி தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், அந்த நாலு வீதம் ஆபத்துக்குக் கொடுக்கும் கூலி. மாதம் 10 வீதம் நிச்சயம் என்று கைபேசியில் வருகிறவர்களைப் பற்றி விரித்து எழுதத் தேவையில்லை. ஆள் சேர்த்து ஓடும் பிரமிட் திட்டங்கள் 1988ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தின் கீழ் குற்றம், அந்த ஒரு வரி போதும்.

அரசாங்கத்தின் வாக்கு எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பானது என்று புத்தகங்கள் சொல்லும். ஓரளவுக்கு அது சரி. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த அரசும் எங்கள் அரசுதான். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது பொதுமக்களின் வங்கி வைப்புகளையும், அரசின் குறுங்காலக் கடன்பத்திரங்களான திறைசேரி உண்டியல்களையும் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த பிணைமுறிகள் என்ற நீண்டகாலக் கடன்பத்திரங்களோ, வட்டி குறைந்த, காலம் நீண்ட புதிய முறிகளாக மாற்றப்பட்டன. ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய எழும்பிப் போகும் எங்கள் பிள்ளைகளின் சம்பளத்தில் 8 வீதம் அந்த நிதிக்குப் போகிறது. தெரிவு அவர்களுக்கு இருக்கவில்லை.

வன்னியில் இருந்துகொண்டு உறுதி என்ற சொல்லை எழுதும்போது 2009ஐத் தாண்டிப் போக முடியாது. 1994இல் விடுதலைப் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகம் என்ற வங்கியில் எங்கள் ஆட்கள் காசும் போட்டார்கள், நகையும் ஈடு வைத்தார்கள். வட்டி ஒழுங்காக வந்தது, துண்டு ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்கள். 2009 மேயோடு வைப்பகமே இல்லாமல் போனது. போரின் முடிவில் இராணுவம் எடுத்த நகைகளில் ஒரு தொகுதி 2025 மேயில்தான் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டது. அந்தத் துண்டுகளை இன்னும் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு உண்டு.

கையில் வைத்திருந்தவர்களின் கதை வேறு. பெரியம்மாவிடம் அப்போது பதினொரு பவுண் இருந்தது. சட்டையின் உள்மடிப்பில் தைத்து, பரந்தனில் இருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நடந்தவர். 2009 பங்குனியில் மாத்தளனில் பதக்கச் சங்கிலி அரை மூடை அரிசிக்கும் இரண்டு பால்மாப் பெட்டிக்கும் போனது. லண்டனில் அந்த மாதம் அவுன்ஸ் 900 டொலருக்கு மேல். மாத்தளனில் அதன் விலை அரை மூடை அரிசி, ஏனென்றால் அரிசி வைத்திருந்தவர் அவ்வளவுதான் தருவேன் என்றார். முகாமில் இருந்த காலத்தில் இன்னும் நாலு பவுண் போனது. மிஞ்சியவை அந்த இரண்டு காப்புகள். இலாப நட்டக் கணக்கில் இதைவிட மோசமான முதலீடு கிடையாது. அந்த அரிசியைத் தின்ற பிள்ளைதான் இன்று கனடாவில் இருந்து 15 இலட்சம் அனுப்புகிறான்.

காணி மட்டும் ஓடாது என்பார்கள். ஓடாதுதான், ஆனால் உள்ளே போக விடாமல் மறிக்கலாம். இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் சொந்தக் காணிக்காக முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் வீதியோரத்தில் மாதக்கணக்கில் இருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதோடு வன்னியில் பெரும்பகுதி, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. உறுதிக் காணி மாதிரி நினைத்தவுடன் விற்க முடியாது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், பெரியம்மாவின் காப்புகள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்பது தெரியும். ஐப்பசியில் வங்கிக்குப் போகின்றன, மாசி பங்குனியில் நெல்லு விற்றதும் வீட்டுக்கு வருகின்றன. அவை சேமிப்பும் இல்லை, முதலீடும் இல்லை. பிணையாளும் வருமானச் சான்றிதழும் கேட்காத ஒரு பயிர்க்கடன் அவை. இரண்டு இலட்சம் எடுத்து, வருட வட்டி 15 வீதம் என்றால் ஐந்து மாதத்துக்கு 12,500 ரூபாய் வங்கிக்கு. பத்துக் காலபோகத்துக்கு ஒன்றேகால் இலட்சம். பவுணின் விலை ஏறியது என்று சந்தோசப்படும்போது இந்தத் தொகையைக் கழிக்க யாரும் நினைப்பதில்லை. ஆனால் நுண்கடன்காரர் வாரா வாரம் படலையில் வந்து நிற்பதோடு ஒப்பிட்டால், அந்த 12,500 எவ்வளவோ மேல். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வயல்களை மூடியபோது அந்தக் காப்புகள் வட்டி கட்டி வட்டி கட்டி இரண்டு வருடம் வங்கியிலேயே கிடந்தன. அந்த இரண்டு வருடமும் கடன் கேட்டு யாரும் வீட்டுக்கு வரவில்லை.

ஒரு கிழமை கழித்து மறுபடியும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் சொன்னது பிழை என்று சொல்லி, கணக்குக் கொப்பியை விரித்து வைத்து மேலே எழுதியதையெல்லாம் ஆறுதலாகச் சொன்னேன். வீடு கட்ட இரண்டு மூன்று வருடம்தான் இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் பவுண் இறங்கினால் ஏறும்வரை காத்திருக்க முடியாது, கூரை போட வேண்டும். அதனால் பெரும்பகுதி வைப்பில் இருக்கட்டும். ஒரே இடத்தில் 15 இலட்சம் போடாமல் இரண்டு வங்கிகளில் பிரித்தால் இரண்டும் 11 இலட்ச எல்லைக்குள் வரும். மூன்று வருடத்துக்குக் கட்டி வைக்காமல் வருடத்துக்கு வருடம் புதுப்பித்தால் வட்டி ஏறும்போது பிடிக்கலாம். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீத வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் படிவம் நிரப்பிக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். ரூபாய் மறுபடியும் விழுந்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கு ஒரு சின்னப் பங்கை நாணயமாக வாங்கலாம். இன்னொன்று, சீமெந்தும் கம்பியும் முதலில் வாங்கலாமே என்று நான் சொன்னபோது, சீமெந்து மழைக்கு இறுகிப்போகும், கம்பியையும் கல்லையும் வேண்டுமென்றால் இப்பவே பறித்துவிடலாம் என்றார் பெரியம்மா. அது எனக்குத் தோன்றாத யோசனை.

"அப்ப வங்கியும் உறுதியில்லை, பவுணும் உறுதியில்லை எண்டுறாய்."

"ஓம் பெரியம்மா."

அவர் கொப்பியை மூடி என்னிடம் தந்தார். இரண்டு வங்கிகளில் ஐந்து ஐந்து இலட்சம், ஒரு பவுண் நாணயம், மிச்சத்துக்குக் கல்லும் கம்பியும் என்று மகனுக்குச் சொல்லிவிட்டார். காப்புகளை மீட்பதற்கு அந்தக் காசில் ஒரு ரூபாயும் எடுக்கமாட்டாராம். அது நெல்லுக் காசில்தான் வர வேண்டும் என்றார். அடுத்த நாள் முதலாம் பசளை எறியக் கூலிக்கு ஆள் வர இருந்தது.